குந்திக்குத் தெரியும், நமக்கும் தெரியும்

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. அவர் போனில் ஒரு தொடர்கதை படித்து வருகிறார். கதாநாயகனுக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துவிடுகிறார். சித்தப்பா சொத்தையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு பையனை விடுதியில் தள்ளிவிடுகிறார். இதெல்லாம் நடந்தபோது அவன் அம்மாவுக்கு எல்லாமே தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்த உண்மை வெளியாகும் அத்தியாயத்தை பஸ் கன்னியக்கோயிலைத் தாண்டும்போது படித்திருக்கிறார். அழுகை நிற்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த அக்கா, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டதற்கு, கதைக்கு அழுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, "தலைவலி" என்று சொல்லிவிட்டாராம். நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. "எங்க வீட்டுல இப்படி எதுவுமே நடந்ததில்ல டீச்சர். அப்புறம் ஏன் எனக்கு இவ்வளவு வலிக்குது? நான் ரொம்பப் பலவீனமானவளா? இன்னும் மூணு அத்தியாயம் பாக்கி இருக்கு. படிக்கலாமா, வேண்டாமா?"

முதலில் அந்த வெட்கத்தை ஓரமாக எடுத்து வையுங்கள். நீங்கள் எழுதியதில் என் மனசைத் தைத்தது அந்தத் "தலைவலி"தான். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ்ப் பாடம் எடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். கதைக்காக அழுதவர்களை வகுப்பிலும் பார்த்திருக்கிறேன், அங்கேயும் பார்க்கிறேன். அவர்களில் பலவீனமானவர் என்று நான் நினைத்தவர் ஒருவர்கூட இல்லை. நம் மொழியில் இதற்கு இலக்கணமே இருக்கிறது.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி. மனசில் எழுவது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. அப்படி எட்டைச் சொல்கிற தொல்காப்பியர், அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அடுத்தவர் இகழ்ந்து நம்மைச் சிறுமைப்படுத்துவது இளிவு. தாய் தகப்பனையோ உரியதையோ பறிகொடுப்பது இழவு. முன்பு இருந்த நிலையிலிருந்து சரிந்துபோவது அசைவு. வறுமைக்கு விளக்கம் வேண்டாம். உங்கள் கதையின் பையனை இதில் வைத்துப் பாருங்கள். அப்பா போனது இழவு. வீட்டுப் பிள்ளையாக இருந்தவன் விடுதிப் பிள்ளை ஆனது அசைவு. சொத்து போனது வறுமை. சொந்தச் சித்தப்பாவே அவனை வேண்டாத சுமையாக நடத்தியது இளிவு. ஒரே செயலில் நான்கும் வந்து விழுகின்றன. வெளியார் செய்யும் கொடுமை பெரும்பாலும் இதில் ஒன்றிரண்டைத்தான் தொடும். குடும்பத்துக்குள் நடக்கும் துரோகம் நான்கையும் ஒன்றாகத் தட்டி எழுப்பும். கதாசிரியர்கள் அதையே திரும்பத் திரும்பத் தேடிப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் பெற்ற பழைய உரையாசிரியர் இன்னொன்றும் சொல்கிறார். அழுகை இரண்டு வகை: தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல். "எங்க வீட்டுல எதுவுமே நடந்ததில்ல, அப்புறம் ஏன்?" என்கிற உங்கள் கேள்விக்கு அந்த இரண்டாவது வகையே பதில். பிறர் அவலம் கண்டு அழ, அந்த அவலம் நம் வீட்டிலும் நடந்திருக்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இந்தக் காலத்து உளவியலில் இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. மெலனி கிரீன், திமோத்தி பிராக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-ல், கதை படிப்பவர் கதைக்குள்ளேயே கொண்டுபோகப்படுகிறார் என்று விளக்கினார்கள். கவனம், கற்பனை, உணர்ச்சி மூன்றும் கதைக்குள் போய்விடுகின்றன. பஸ், கண்டக்டர் விசில், ஜன்னல் காற்று எல்லாம் மங்கிவிடும். கதை பொய் என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் நெஞ்சு படபடப்பதும், தொண்டை அடைப்பதும், கண் கலங்குவதும் அந்த அறிவைக் கேட்டுக்கொண்டு நடப்பவை இல்லை. நீங்கள் அப்போது கன்னியக்கோயிலில் இல்லை, அந்தப் பையனின் வீட்டு வாசலில் நின்றிருந்தீர்கள்.

ஆனால் அழவைத்ததை விளக்கிவிடலாம். நாலு நாள் தூங்கவிடாமல் செய்தது வேறு. அதைச் சொல்ல என் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆயாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். முந்திரிக்காடும் பலாமரமுமாக இருக்கும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து. எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும்போது ஆயாவோடு பாய் விரித்து உட்கார்ந்து கர்ண மோட்சம் பார்த்தேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று கர்ணன் தன் வரவைப் பாடுவான். கட்டியக்காரன் சிரிக்கவைப்பான். நான் பாதி தூக்கத்தில் இருந்தேன். விடியப்போகும் நேரத்தில் கர்ணன் விழுந்துவிட்டான். குந்தி ஓடிவந்து அவனை மடியில் கிடத்தி, "மகனே" என்று ஊரறியக் கூப்பிட்டு அழுதாள். வேஷம் கட்டியிருந்தது ஓர் ஆண், முகத்து அரிதாரம் வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆயா முந்தானை முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

தாத்தா செத்தபோதுகூட அப்படி அழாதவள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பயமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில், "ஏன் ஆயா அழுத?" என்று கேட்டேன். "இப்ப வந்து சொல்றா பாரு, இப்ப வந்து" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவள் போனபின், எங்கள் அப்பா டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது ஒரு விடுதலைப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. அவள் பிறந்த வீட்டு முந்திரித்தோப்பில் தனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று எழுதி, கீழே அவளுடைய இடதுகைப் பெருவிரல் ரேகை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கூடப் பிறந்தவரே கூட்டிப்போய் வேறு ஏதோ காகிதம் என்று சொல்லி வைத்து வாங்கியிருக்கிறார். அது வேறு காகிதம் இல்லை என்று ஆயாவின் அம்மாவுக்குத் தெரியுமாம். சாகும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம். பிற்பாடு அத்தை சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

ஆயா கர்ணனின் சாவுக்கு அழவில்லை. அவனை ஆற்றில் விட்டதற்கும் அழவில்லை, அந்தக் காட்சி போகும்போது வெற்றிலை இடித்துக்கொண்டுதான் இருந்தாள். குந்தி ஒப்புக்கொண்ட இடத்தில்தான் உடைந்தாள்.

இதை நான் வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். கர்ணன் கதையில் கைவிட்டதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. அரங்கேற்றத்தில் அவன் வந்து நிற்கிறான். என்ன குலம் என்று கேட்கிறார்கள், தேரோட்டி மகன் என்று பீமன் ஏளனம் செய்கிறான். மேலே பார்வையாளர் வரிசையில் குந்தி இருக்கிறாள். அவளுக்குத் தெரியும். மயங்கி விழுகிறாளே தவிர, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அந்த நேரம் முழுக்க உண்மை தெரிந்த இன்னொருவரும் இருக்கிறார்: கதை கேட்கும் நாம். எழுந்து போய், "இவன் உங்கள் அண்ணனப்பா" என்று சொல்ல நம் நாக்கு துடிக்கும், ஆனால் கதைக்குள் நமக்குக் குரல் கிடையாது. தெரிந்தும் சொல்ல முடியாத அந்த இடத்தில் கதை நம்மைக் கட்டிப்போட்டுவிடுகிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன். பையனின் கஷ்டத்தைப் பார்த்து அழுதீர்கள், சரி. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் கூடவே வந்தது, அந்த அம்மா பேசாமல் இருந்ததும், நீங்களும் பேச முடியாமல் இருந்ததும்.

முடிவு தெரிந்த கதைக்கு ஏன் திரும்பத் திரும்ப அழுகிறோம் என்பதும் இதில் விளங்கிவிடும். 1964-ல் வந்த கர்ணன் படம் 2012-ல் மெருகேற்றி மறுபடி வெளியானபோது பார்க்கப் போனேன். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாதவர் அந்தக் கொட்டகையில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். இருந்தும் கடைசிக் காட்சியில் நாலாபக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம். முடிவு தெரிந்திருப்பது அழுகையைக் குறைப்பதே இல்லை, கூட்டத்தான் செய்கிறது.

நெருங்கியவர் செய்யும் துரோகம் ஏன் இவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதற்கு, ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் 1990-களில் ஒரு விளக்கம் தந்தார். யாரைச் சார்ந்து வாழ்கிறோமோ அவரே தீங்கு செய்தால், அந்தத் தீங்கைப் பார்க்காமல் இருப்பதே சில நேரம் பிழைக்க வழி. குழந்தை தனக்குச் சோறு போடுகிற கையைச் சந்தேகப்பட முடியாது. அதனால் நடந்ததை மறக்கிறது, மழுப்புகிறது, தன் தப்புதான் என்று நினைத்துக்கொள்கிறது. நல்ல எழுத்தாளர்களுக்கு இது படிக்காமலே தெரியும். ஒரு பாத்திரம் தன்னை ஏமாற்றியவரைத் திட்டித் தீர்க்கும் காட்சியைவிட, அவரிடம் இருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று இன்னும் காத்திருக்கும் காட்சி நம்மை அதிகம் பாடுபடுத்துகிறது. உங்கள் கதையின் பையன் விடுதியிலிருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தான் என்று எழுதியிருந்தீர்களே, அந்த மாதிரி.

நம்ம ஊர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன் இந்த விஷயத்தில் செய்து காட்டியதைத் தமிழில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. 1966-ல் ஆனந்த விகடனில் அக்கினிப் பிரவேசம் என்று ஒரு சிறுகதை எழுதினார். மழையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் பதறினாலும், மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். அந்தக் காலத்தில் இதற்கு வாசகர்களிடமிருந்து வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. பிறகு அவர் சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலை எழுதினார். அதே சம்பவம், ஆனால் இந்த அம்மா ஊர் கேட்கக் கத்திவிடுகிறாள். அண்ணன் தங்கையை வீட்டை விட்டு விரட்டுகிறான். அடைக்கலம் கொடுத்த மாமாவின் பார்வையும் சரியில்லை. நாயகி கங்காவின் வாழ்க்கை முழுக்க வேறு பாதையில் போய்விடுகிறது. 1972-ல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இரண்டிலும் காரில் நடந்தது ஒன்றுதான். வீட்டில் நடந்ததுதான் வேறு. எது கங்காவை அதிகம் சிதைத்தது என்று யோசிக்க வைக்க, ஒரே காயத்துக்கு இரண்டு அம்மாக்களை எழுதிப் பார்த்தார். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். நாவலில் கங்கா அந்தச் சிறுகதையை ஒரு பத்திரிகையில் படிக்கிறாள். தன் கதையை, தனக்குக் கிடைக்காத ஓர் அம்மாவோடு யாரோ எழுதியிருப்பதைப் பார்க்கிறாள். அதைத் தன் அம்மாவிடம் படிக்கக் கொடுக்கிறாள். வருஷக்கணக்காக வாயால் கேட்க முடியாததை ஒரு கதையை நீட்டிக் கேட்கிறாள். கதை வாசகருக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

இந்த நாவலை எங்கள் வட்டத்தில் பேசிய நாள் மறக்காது. எல்லாரும் அம்மாவையும் அண்ணனையும் திட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாற்காலியில் எப்போதும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், மடக்கிய குடையை மடியில் வைத்து அதன் பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். திடீரென்று, "நான்தாங்க அந்த அண்ணன்" என்றார். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "என் தங்கச்சி விருத்தாசலத்துல இருக்கு. நாப்பது வருஷமாச்சு." அவ்வளவுதான். அடுத்த மாதம் அவர் வரவில்லை, அதற்கடுத்த மாதம் வந்தார். போய்ப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வலிக்கிற பாத்திரத்தோடு மட்டும்தான் வாசகர் ஒட்டிக்கொள்வார் என்று நினைத்துவிடுகிறோம். துரோகம் செய்தவர்களும் படிக்கிறார்கள். தெரிந்தும் பேசாமல் இருந்தவர்கள் இன்னும் அதிகம் பேர். "எங்க வீட்டுல எதுவும் நடக்கல" என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் ஒரு பக்கத்து வீடு, ஒரு கூடப் படித்தவள், ஒரு சொந்தக்காரக் குழந்தை என்று நாம் பார்த்தும் பார்க்காத மாதிரிக் கடந்துபோன ஏதோ ஒன்று எல்லாரிடமும் இருக்கும். அது அடியில் கிடந்து குடைந்தாலும் தூக்கம் போகும். உங்களுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் வரும் தொடர்கதைகள் சிலவற்றை என் பேத்தி காட்டிப் படித்திருக்கிறேன். ஆன்ட்டி ஹீரோ கதை என்கிறார்கள். நாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைவான், அறையில் அடைத்து வைப்பான், கட்டாயத் தாலி கட்டுவான். இருபதாவது அத்தியாயத்தில் அவனுடைய சோகமான சின்ன வயசு வரும்: ஓடிப்போன அம்மா, அடித்த சித்தி, ஏமாற்றிய மாமா. உடனே வாசகிகளுக்கு மனசு இளகிவிடும், நாயகியும் மன்னித்துவிடுவாள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒருவனின் பழைய காயம் அவன் ஏன் இப்படி ஆனான் என்பதைப் புரியவைக்கலாம். அவன் இன்னொருத்தியை அடித்ததை அது நியாயமாக்காது. பாரதம் இந்தத் தப்பைச் செய்யவில்லை. கர்ணனுக்காக நம்மை அழவைக்கிறது, ஆனால் சபையில் திரௌபதியை அவன் பேசிய பேச்சை மறைக்கவில்லை. எங்கள் ஊர்க் கூத்தில் கர்ணனுக்கு அழுத அதே பெண்கள்தான் துகில் உரியும் காட்சியில் அவனைக் கரித்துக் கொட்டுவார்கள். உங்கள் இரக்கத்தை ஒரு கதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பாருங்கள். அடிப்பவனைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குகிறது என்றால் அந்தக் கதையைத் தாராளமாகப் பாதியில் விடலாம்.

அப்புறம், கதைக்காக அழ ஊரே இடம் கொடுக்கும் ஓர் இடம் உண்டு, கூவாகம். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கம்தான், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அர்ஜுனன் மகன் அரவானைப் பாண்டவர்களின் வெற்றிக்காக அவன் சொந்தக் குடும்பமே களப்பலி கொடுக்கிறது. சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவையில் ஒப்பாரி வைக்கிறார்கள். சொந்த வீட்டார் விரட்டிவிட்ட எத்தனையோ பேர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அந்த அழுகையில் அரவானுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பேராசிரியர் இரண்டாகப் பிரித்த அழுகை அங்கே ஒன்றாகக் கலந்து போகிறது. தனக்காக ஊர் நடுவில் உட்கார்ந்து அழ யாரும் இடம் தரமாட்டார்கள், அரவானுக்காக என்றால் ஊரே வழிவிடும்.

இனித் தூக்கத்துக்கு வருவோம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம், மனசை அழுத்தும் விஷயத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனசு இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றி உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். நீங்களும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கதையைப் பற்றி எழுத வேண்டாம். அந்த அம்மாவிடம் நேரில் என்ன கேட்பீர்களோ அதை எழுதுங்கள். கதைக்குள் உங்களுக்கு இல்லாத குரல் அந்த நோட்டில் இருக்கும்.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் சரியாகவில்லை, கதையில் இல்லாத ஏதோ உங்கள் சொந்த நினைவு திரும்பத் திரும்ப வருகிறது, வேலையில் மனம் போகவில்லை என்றால் அது கதை விஷயம் இல்லை. அப்போது ஆளிடம் பேச வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. புதுச்சேரி ஜிப்மரில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்று அத்தியாயத்தைப் படிக்கலாமா என்றால், படியுங்கள். பஸ்ஸில் வேண்டாம், ராத்திரி படுக்கும் முன்னும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு, வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது படியுங்கள். சித்தப்பாவுக்குத் தண்டனை கிடைக்கிறதா என்பதில் உங்கள் மனசு ஓடும், அது இயல்பு. ஆனால் அந்த அம்மா மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். மகன் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியும்டா" என்று ஒருதரமாவது சொல்கிறாளா என்று பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.